காட்டெருமை பண்ண சேதம் கம்மிங்க, பட்டறைக்காரர் பண்ணதுதான் ஜாஸ்தி

கொஞ்சம் பெரிய பதிவு, டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க. கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர் சுத்துவட்டாரத்துல கார் வெச்சிருக்கவங்க, வீட்ல கடப்பா கல்லோ மார்பிளோ போட்டிருக்கவங்க, ரெண்டு பேருக்கும் ஆகும். ரெண்டும் ஒரே பதிவுலயான்னு கேக்காதீங்க, என்னை ஏமாத்துனது மாமன் மச்சான் ரெண்டு பேரு, ஒருத்தர் கார் வேலை, ஒருத்தர் கல்லு வேலை. பேர், கடை ரெண்டும் இங்க போடல, நுகர்வோர் கோர்ட்டுக்கு போறதா இருக்கேன், அதனால.

போன வருசம் நவம்பர். எங்க பக்கம் ஊட்டி, கூடலூர் மாதிரி ஜூன் ஜூலைல மழை கொட்டாது, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைலதான் விடாம ஊத்தும். வீடு டீத்தோட்டத்துக்கு கீழ, கேட்டுக்குள்ள ஏத்துனா சறுக்குதுன்னு வண்டிய வெளிய ரோட்டு ஓரமாவே நிறுத்திட்டேன். நைட்டு ரெண்டு மணி இருக்கும், டம்முன்னு ஒரு சத்தம், அப்பறம் தகரத்த யாரோ இழுக்கற மாதிரி. ஜன்னல் வழியா டார்ச் அடிச்சா ஒத்தக் காட்டெருமை, நிதானமா ஒடம்ப வண்டில தேச்சிட்டு நிக்குது. யாரு வெளிய போவா. அது கிளம்பி போனப்பறம் காலைல பாத்தா இடது பக்கம் பின் கதவு உள்ள போயிருக்கு, அதுக்கு பின்னாடி வீல் மேல வர்ற தகடும் நசுங்கிருக்கு, பம்பர் ஒரு கிளிப்பு உடைஞ்சு தொங்குது, மேல எல்லாம் சேறு, முடி. சில்வர் கலர் வேகன்ஆர், நாலாவது வருசம் ஓடுது, ஒரு கீறல் கூட இல்லாம வெச்சிருந்தேன். வீட்டுக்காரர் துபாய்ல, இங்க நானும் அத்தையும் பத்தாவது படிக்கற பொண்ணும்தான், அதனால எல்லா அலைச்சலும் என் தலைல.

ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு டிங்கரிங் பட்டறைக்கு போனேன். ஆள் பேச்சு தேன் மாதிரி. வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்துட்டு, "அக்கா நீங்க டென்சனே ஆவாதீங்க, நாலு நாள்ல கம்பெனில இருந்து வந்த மாதிரி குடுத்தர்றனுங்க"ன்னாரு. இன்சூரன்ஸ் போடலாமான்னு கேட்டேன். "அய்யோ எதுக்குங்க்கா, க்ளெய்ம் போட்டா உங்க நோ க்ளெய்ம் போனஸ் போயிருமுங்க, சின்ன வேலைக்கு போயி"ன்னாரு. நமக்கு நல்லது சொல்றாரேன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் முதல் அடி.

அந்த போனஸ்ங்கறது க்ளெய்ம் போடாம ஓட்டுன வருசத்துக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி. அந்த கணக்க நான் அப்பறமா, எல்லாம் நடந்து முடிஞ்சு, ஒரு நாள் கடுப்புல உக்காந்து போட்டுப் பாத்தேன். எனக்கு 35 சதவீதம் ஓடிட்டு இருந்துச்சு, அடுத்த வருசம் 45, அதுக்கப்பறம் 50, அதுதான் உச்சம். க்ளெய்ம் போட்டா அடுத்த வருசம் சைபர், அப்பறம் 20, 25, 35, 45ன்னு திரும்ப ஏறணும். இந்த தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கும் கிடையாது, நம்ம வண்டி சேதத்துக்கு கட்டற பங்குக்கு மட்டும்தான், அது எனக்கு சுமார் 6,000. வருசா வருசம் எவ்வளவு கைய விட்டு போகும்னு பாத்தா 2,700, 1,800, 1,500, 900, 300. மொத்தம் 7,200, அதுவும் அஞ்சு வருசத்துல. ஜீரோ டெப் பாலிசி வேற வெச்சிருந்தேன், அதாவது மாத்தற பாகத்துக்கு தேய்மானம்னு கழிக்காம குடுக்கறது, அதனால கட்டாயமா நம்ம கைல இருந்து போற 1,000 தவிர பெருசா எதுவும் வந்திருக்காது. ஆக 8,200ல முடிய வேண்டியதுக்கு அந்த ஆள் கேட்டது 18,500. மிருகம் முட்டுனா இன்சூரன்ஸ் வராதுன்னு எங்க தெருவுலயே பாதி பேரு நெனச்சிட்டு இருக்காங்க, அப்பிடி இல்லைங்க, ஃபுல் இன்சூரன்ஸ்ல அது வரும், தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தாதான் வராது. ஆனா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு போன் பண்ணி சொல்லிரணும், வண்டிய பிரிச்சு போட்டப்பறம் சொன்னா, சேதத்த பாக்க கம்பெனி அனுப்பற சர்வேயர் எதைப் பாப்பாரு. பட்டறைக்காரர் ஏன் வேண்டாம்னாருன்னு இப்ப புரியுதா? சர்வேயர் வந்தா போட்டோ எடுப்பாரு, பில்லு கேப்பாரு, என்ன மாத்துனீங்க என்ன தட்டுனீங்கன்னு கேப்பாரு.

நாலு நாள்னு சொன்னது பத்தொம்பது நாள் ஆச்சு. போன் பண்ணா "மழைங்க்கா, பெயிண்ட் காயலைங்க்கா". அது ஒண்ணுதான் அந்த ஆள் சொன்ன உண்மை. ஒரு நாள் நேர்ல போய் நின்னேன், மேல தகர ஷீட்டு, பக்கத்துல தார்ப்பாய், அவ்வளவுதான் பட்டறை. மூடுபனி உள்ள நம்மளோட சேந்து நடந்து வருது. என் வண்டி கதவுல ஒரு பையன் ரோஸ் கலர்ல பேஸ்ட் மாதிரி அப்பிட்டு இருந்தான், சப்பாத்திக்கு மாவு அப்பற மாதிரி. இது என்னப்பான்னேன், "பட்டிங்க்கா, இத போட்டு தேச்சாதான் லெவல் வரும்"னான். சரி, தெரிஞ்சவங்க செய்யறாங்க, நாம எதுக்கு நடுவுலன்னு வந்துட்டேன். பட்டிய தண்ணி ஊத்தி வாட்டர் பேப்பர் வெச்சு தேச்சிட்டு இருந்தான், அந்த ஈரத்துலயே. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

வண்டிய குடுத்தது சாயங்காலம் ஆறரைக்கு, டியூப்லைட் வெளிச்சத்துல. கண்ணாடி மாதிரி மின்னுச்சு, நானே கைய வெச்சு தடவிப் பாத்து சந்தோசப்பட்டேன். அட்வான்ஸ் 8,000 ஏற்கனவே ஜிபேல போட்டிருந்தேன், அதுவும் அவர் நம்பருக்கு இல்ல, "என் மச்சான் நம்பருக்கு போட்டுருங்க்கா, என்னுதுல பேங்க் ஏதோ மக்கர் பண்ணுது"ன்னு. மீதி 10,500 கைல குடுத்தேன். பில்லு? ஒரு துண்டுச் சீட்டுல பேனால "கதவு வேலை பெயிண்ட் 18,500" அவ்வளவுதான், கடை சீலு கூட இல்ல, ஜிஎஸ்டி நம்பர் எங்க இருக்கப் போவுது.

அந்த மச்சானும் அங்கதான் நின்னாரு. "அக்கா வீட்ல என்ன கல்லுங்க, கிரானைட்டா? பாலிஷ் போட்டு எத்தன வருசம் ஆச்சு? பொங்கலுக்குள்ள பண்ணிரலாமுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. கார் பளபளன்னு நின்ன மயக்கத்துல அதுக்கும் தலையாட்டிட்டேன்.

கல்லு கதைக்கு முன்னாடி எங்க சமையக்கட்ட பத்தி சொல்லணும். மேடை கருப்பு கடப்பா கல்லு, 1987ல மாமா வீடு கட்டறப்ப மேட்டுப்பாளையத்துல இருந்து லாரில ஏத்தி கொண்டு வந்தது, ஒரே கல்லு, எட்டடி. வர்ற வழில குஞ்சப்பனை பக்கம் லாரி நின்னு போயி ராத்திரி முழுக்க மாமா கல்லுக்கு காவலா படுத்திருந்தாராம், இந்த கதைய அத்தை வருசத்துக்கு நாலு தடவையாவது சொல்லிருவாங்க. அத்தை அதை வெறும் தண்ணில தொடச்சு, வெள்ளிக்கிழமை துணில ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் விட்டு தேய்ப்பாங்க, மொகம் தெரியற மினுக்கு எல்லாம் கிடையாது ஆனா நல்ல மை மாதிரி கருப்பு. சாமி ரூம்ல மட்டும் வெள்ளை மார்பிள்.

டிசம்பர் கடைசில அந்த மச்சான் வந்தாரு, கூட ஒரு பையன், ஒரு மிசினு, ஒரு நீல கேன். நான் ஆபீஸ் போயிட்டேன், அத்தை மட்டும் வீட்ல. சாயங்காலம் அத்தை சொன்னது அப்பிடியே எழுதறேன்: "கண்ணு, அந்த கேன்ல இருந்து ஊத்துனான், சோடா ஒடச்ச மாதிரி பொசபொசன்னு நொரை வந்துச்சு, மூக்கு எரிஞ்சுது. ஏனுங்க தம்பி இப்பிடி பொங்குதுன்னேன். அழுக்கு வெளிய வருதுங்கம்மா, முப்பது வருச அழுக்குன்னான்." அழுக்கு இல்லைங்க. கல்லே கரைஞ்சு பொங்குது. பொண்ணு கேட்ட உடனே சொன்னா, "அம்மா அது கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா கரியமில வாயு வரும், எங்க புக்லயே இருக்கு". பத்தாவது படிக்கற புள்ளைக்கு தெரிஞ்சது அந்த மனுசனுக்கு தெரியாதுன்னு என்னால நம்ப முடியல.

கிரானைட்டு வேற, மார்பிள், கடப்பா வேற. கடப்பா கல்லு ஆந்திரா கடப்பா ஜில்லா பக்கம் வெட்டி எடுக்கற சுண்ணாம்புக்கல் ஜாதி, கருப்பா இருக்கறதால கிரானைட்டுன்னு நெனச்சுக்கறோம். மார்பிளும் அடிப்படைல அதே சுண்ணாம்புதான். ராஜஸ்தான்ல இருந்து வர்ற கோட்டா கல்லும் அந்த குடும்பம்தான். இதுக்கெல்லாம் டாய்லெட் கழுவற ஆசிட் மட்டும் இல்ல, எலுமிச்சம்பழம், புளித்தண்ணி, வினிகர், தயிர் கூட ஆகாது, ரொம்ப நேரம் நின்னா அந்த எடம் மட்டும் பளபளப்பு செத்துப் போயி மங்கலா ஒரு வட்டம் விழுந்துரும். அது கறை இல்ல, கல்லு அரிச்சது, துணி வெச்சு எவ்வளவு தேச்சாலும் போகாது. கிரானைட்டு இந்த மாதிரி சமையக்கட்டு புளிப்புக்கெல்லாம் அசையாது, ஆனா துரு எடுக்கற சில லிக்விட்ல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும், அது கிரானைட்டயும் தின்னுரும். உங்க வீட்டு கல்லு எதுன்னு தெரியலைன்னா அடுப்புக்கு பின்னாடி கண்ணுக்கு படாத மூலைல ஒரே ஒரு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு பாருங்க, பொடிப்பொடியா கொப்புளம் வந்தாலோ தொடச்சப்பறம் மங்கல் தெரிஞ்சாலோ சுண்ணாம்பு ஜாதி. அதை அந்த ஆள்தான் செஞ்சிருக்கணும், வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.

ஆசிட்ல அரிச்சு சொரசொரன்னு ஆனதை மறைக்க மேல ஏதோ ஒரு கோட்டிங் அடிச்சு விட்டுட்டாரு. நான் வந்து பாக்கறப்ப மேடை எண்ணெய் தடவுன எருமை மாதிரி மின்னுது, மார்பிள் தரையும் அப்பிடியே. சாமி ரூம் தரையையும் சேத்து 6,500 வாங்கிட்டு போயிருக்காரு, அத்தை பொங்கல் செலவுக்கு வெச்சிருந்த காசு. மூணே வாரம். அடுப்பு பக்கம் சூடு பட்ட எடத்துல அந்த கோட்டிங் பாம்பு சட்டை மாதிரி உரிய ஆரம்பிச்சுது. மார்பிள் தரை வேற கத, அங்க கீழ இருந்து பால் கலர்ல மூடாப்பு போட்ட மாதிரி ஆயிருச்சு. நம்ம ஊர்ல தரைக்கு அடில இருந்தே ஈரம் மேல வரும்ல, கல்லு அதை மூச்சு விட்டு வெளிய தள்ளிரும், மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலத்த போட்டு அடைச்சா அந்த ஈரம் எங்க போகும், அங்கயே நின்னு வெளுத்துப் போகுது. சமவெளில இதே கோட்டிங் ரெண்டு வருசம் நிக்கலாம், இங்க நிக்காது.

இந்த நேரத்துல கார். ஜனவரி வெயில் அடிச்ச முதல் நாள் ஆபீஸ் வாசல்ல நிறுத்திட்டு தூரத்துல இருந்து திரும்பிப் பாத்தேன், பின் கதவு ஒரு சில்வர், முன் கதவு வேற சில்வர். கிட்ட நின்னா தெரியல, பக்கவாட்டுல பாத்தா பளிச்சுனு தெரியுது. பிப்ரவரில அம்மை போட்ட மாதிரி சின்ன சின்ன கொப்புளம். போன் பண்ணா "வெயில் பட்டா அமுங்கிரும்க்கா". நானும் வெயிலுக்கு காத்திருந்தேன்னு சொல்ல வெக்கமா இருக்கு.

ஆபீஸ்ல ஒரு அண்ணன், "வீட்ல பிரிட்ஜ் மேக்னட் இருக்கா, கதவுல ஒட்டிப் பாரும்மா"ன்னாரு. ஊட்டில வாங்குன மலை ரயில் பொம்மை மேக்னட் ஒண்ணு இருந்துச்சு. அதை எடுத்துட்டு போயி முன் கதவுல வெச்சேன், டக்குனு ஒட்டிக்கிச்சு. பின் கதவு மேல் பக்கம் வெச்சேன், ஒட்டுச்சு. அப்பிடியே கீழ இழுத்துட்டே வந்தேன், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழ வந்ததும் பிடி விட்டுப் போச்சு, கைய எடுத்தா ரயில் பொத்துனு தரைல. நாலு தடவ வெச்சேன், நாலு தடவையும் விழுந்துச்சு. அந்த எடம் முழுக்க தகரம் மேல வெறும் பட்டி.

மே மாசம் சீசன்ல கோத்தகிரி ரோட்ட கீழ இறங்கற வண்டிக்குன்னு விட்டுட்டாங்க, நான் ஒரு வேலையா மேட்டுப்பாளையம் போயிட்டு பர்லியாறு வழியா சுத்தி வந்தேன், அந்த கொண்டை ஊசி வளைவு குலுக்கல்லயோ என்னவோ, வீட்டுக்கு வந்து கதவ சாத்துனா படார்னு ஒரு துண்டு கழண்டு கீழ விழுந்துச்சு. கைல எடுத்தேன், ஒரு பெரிய தட்டுவடை அகலம், தடிமன் கடலை மிட்டாய் அளவுக்கு இருக்கு. ஒரு பக்கம் சில்வர் பெயிண்டு, உள்ள அதே ரோஸ் கலர். பின் பக்கம் பழுப்பா துரு ஒட்டிட்டு வந்திருக்கு. கதவுல அந்த ஓட்டைக்குள்ள பாத்தா, காட்டெருமை போட்ட பள்ளம் அப்பிடியே இருக்குங்க. தட்டவே இல்ல. இழுக்கவே இல்ல. பள்ளத்துல மண்ணு போட்டு ரோடு போடற மாதிரி ரொப்பிட்டு மேல பெயிண்ட் அடிச்சிருக்கான்.

அப்பறம் மேட்டுப்பாளையத்துல ஒரு பெரியவர்கிட்ட காட்டுனேன், நாப்பது வருசமா டிங்கர் வேலை. பாத்ததும் சிரிச்சாரு. "அம்மணி, பட்டிங்கறது மேடு பள்ளத்துக்கு சந்தனம் பூசற மாதிரி மேலாக்க போடறது, ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல போனா அது வேலை இல்ல, ஏமாத்து"ன்னாரு. பட்டி தண்ணி குடிக்குமாம். தண்ணி ஊத்தி தேச்சு, நல்லா காய விடாம, பிரைமர் சரியா போடாம மேல பெயிண்ட் அடிச்சா குடிச்ச தண்ணி உள்ளயே நின்னு தகரத்த துருப்பிடிக்க வெச்சு பெயிண்ட்ட தூக்கும், அதான் கொப்புளம். மழைக்காலத்துல நம்ம ஊர் பட்டறைல கம்ப்ரசர் டேங்குலயே தண்ணி சேரும், அதை தினம் தொறந்து விடலைன்னா பெயிண்டோட சேந்து தண்ணியும் ஸ்ப்ரே கன்ல வரும்னாரு. அவர் என் கண்ணு முன்னாடி மொத்த பட்டியும் சொரண்டி எடுத்து, தகரத்துல வளையம் வளையமா வெல்ட் வெச்சு புல்லர் போட்டு இழுத்து, உள்ள டாலின்னு ஒரு இரும்புக் கட்டைய முட்டுக் குடுத்து வெளிய சுத்தில தட்டி, எப்பாக்ஸி பிரைமர் அடிச்சு, பட்டி மெலிசா ஒரே ஒரு கை. பெயிண்ட்டுக்கு சூடு குடுக்கற பூத் இருக்கற எடத்துக்கு அவரே கோயமுத்தூருக்கு அனுப்புனாரு. சில்வர் மாதிரி மெட்டாலிக் கலர்னா கலர் கோட் நம்பர் கரெக்டா இருந்தாலும் அடிக்கற விதத்துல மாறுமாம், அதனால பக்கத்து கதவுக்கும் கொஞ்சம் கலந்து இழுத்து விடணும், அந்த கோட் நம்பர் வண்டிலயே தகட்டுல இருக்கும்னு காட்டுனாரு. எல்லாம் சேத்து 21,000. முதல்லயே அவர்கிட்ட போயிருந்தா, அதுவும் க்ளெய்ம்ல.

அவர்கிட்ட எனக்கு பிடிச்சது, "பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துட்டு போ அம்மணி"ன்னு அவரே கூப்புட்டாரு. எந்த பட்டறைலயும் இதைக் கேளுங்க, தட்டி முடிச்சு பட்டி போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. தர மாட்டேன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. டெலிவரி காலைல, வெயில்ல. எஸ்டிமேட் எழுத்துல, மாத்தறது எது தட்டறது எதுன்னு தனித்தனியா. காசு கடை பேர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்கு.

கல்லுக்கு வேற ஒருத்தர் வந்தாரு, முதல்ல எதையுமே தொடல, மேடைல நாலு எடத்துல தண்ணி சொட்டு விட்டுட்டு கால் மணி நேரம் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. சொட்டு விட்ட எடம் கருத்துச்சுன்னா கல்லு தண்ணி குடிக்குது, சீலர் வேணும், முத்து மாதிரி அப்பிடியே நின்னா வேண்டாம்னாரு. சீலர்னா மேல பளபளன்னு நிக்கற கோட்டிங் இல்ல, கல்லுக்குள்ள எறங்கறது, போட்டது கண்ணுக்கே தெரியாது. கோட்டிங்க எடுத்துட்டு வைர பேடு வெச்சு தண்ணி விட்டு தேச்சாரு, நம்பர் கம்மில ஆரம்பிச்சு ஏத்திட்டே போறது, 200, 400, 800ன்னு. மேடைய 800லயே நிறுத்திடுங்கன்னு அத்தை சொல்லிட்டாங்க, மினுக்கு வேண்டாம் பழைய மாதிரி போதும்னு. அன்னாடம் தொடைக்க பாத்திரம் கழுவற லிக்விடு ரெண்டு சொட்டு வெதுவெதுப்பான தண்ணில, அவ்வளவுதான். எண்ணெய்க் கறை பிடிச்சா சமையல் சோடாவ தண்ணில கொழைச்சு தடவி மேல பிளாஸ்டிக் கவர் போட்டு ஒரு நாள் விட்டா எண்ணெய உறிஞ்சிரும், நான் பண்ணிப் பாத்தேன், முக்காவாசி போச்சு.

பட்டறைக்காரர்கிட்ட கடைசியா போய் நின்னப்ப அவர் சொன்னது: "காட்டெருமை நடக்கற வழில நிறுத்திட்டு என்னைய கேட்டா எப்பிடிக்கா". மச்சான் போனே எடுக்கறதில்ல. 1915க்கு போன் பண்ணேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதிஞ்சுக்கிட்டாங்க. வக்கீல் மூலமா ரிஜிஸ்டர் போஸ்ட்ல நோட்டீஸ் விட்டதும் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து 5,000 குடுத்துட்டு "இதோட விட்ருங்க்கா"ன்னாரு, வாங்கிக்கிட்டேன், விடல. ஊட்டில மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, சம்பவம் நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. எங்கிட்ட உருப்படியா இருக்கற ஆதாரம் அந்த 8,000 ஜிபே, வாட்ஸப்ல அவர் அனுப்புன வாய்ஸ் மெசேஜ், மேக்னட் விழற வீடியோ, அப்பறம் கழண்டு விழுந்த பட்டித் துண்டு. அதைத்தான் ஒரு வாரமா காணோம்னு வீடு பூரா தேடுனேன், பாத்தா சமையக்கட்டு பின் கதவு காத்துக்கு அடிக்குதுன்னு அத்தை அதை முட்டுக்கு வெச்சிருக்காங்க. "நல்லா கனமாத்தான் இருக்குது கண்ணு, இது ஒண்ணாவது ஒழுங்கா வேலை செய்யுது"ன்னாங்க.